கல்யாணப் புடவையில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

மகனே,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. குஜராத்தில் உன் ட்ரெயினிங் ஹாஸ்டலில், ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இது கையில் கிடைத்தால், பையில் வைத்துக்கொண்டு போய்விட்டு, திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ நடுவில் "சரிம்மா, விடும்மா" என்பாய். நானும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வேன். நிறுத்திக்கொள்ள எனக்கு ஒரு சாக்கு கிடைக்கக் கூடாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு காரியத்தை நான் செய்திருக்கிறேன். மெர்சியின் கல்யாணப் புடவையை நான் கெடுத்துவிட்டேன். புடவையை மட்டும்தான் கெடுத்தேனா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் இருவரும் மாடி வீட்டில் எங்களோடு இருப்பீர்களா, வேறு வீடு பார்ப்பீர்களா என்பதும் இப்போது இதில்தான் வந்து நிற்கிறது.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்குள் வருகிற பாகங்களைப் பிரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. சப்ளையர் ஆள் "எல்லாம் ஓகே மேடம்" என்று சொல்லும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் அடி வரிசையைப் பார்க்கப் பழகியவள் நான். மேல் வரிசையில் எப்போதும் நல்லதைத்தான் வைப்பார்கள். இருபது வருஷமாக இதையே செய்தால், சாயந்தரம் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது கண்ணைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடியாது. காய்கறிக்காரர் கூடையையும் அடியிலிருந்துதான் பார்ப்பேன். உன் அப்பா பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் எந்த ரூட்டில் எங்கே நின்றீர்கள் என்று கேட்பேன். ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவருக்கு வண்டலூர் நெரிசல் என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். அந்தப் பதிலையும் போனில் வரைபடத்தைத் திறந்து சரிபார்த்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் புடவை விஷயத்தில் என் சந்தேகம் கம்பெனியிலிருந்து வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட் முன்னால் ஒருவர் வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து "தறியிலேர்ந்து நேரா வருதும்மா, கைத்தறி சில்க் காட்டன்" என்று விற்றார். உன் அத்தை கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள அவரிடம் ஒன்று வாங்கினேன். கட்டியபோது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். முதல் துவையலில் சாயம் ஓடி, கரை சுருங்கி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அப்புறம்தான் ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும், பருத்தி எரிந்தால் காகிதம் எரிவதுபோல் சாம்பலாகும். அது இரண்டும் செய்யவில்லை. பிளாஸ்டிக்போல் உருகி, ஒரு சின்னக் கறுப்பு மணியாக விரலில் ஒட்டிக்கொண்டது. கெமிஸ்ட்ரி படித்தவள் நான். வாங்கும் முன் தோன்றாதது துவைத்த பின் தோன்றுகிறதே என்று அந்த மணியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு புடவையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். காஞ்சிபுரத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைக்காரர்களை நம்பாமல் நெய்கிறவர்கள் வீடுகளுக்கும் போனேன். சில்க் காட்டன் என்பது பட்டு வாங்க முடியாதவர்களின் சமாதானம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர்கள் காட்டியதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பட்டு, குறுக்கே ஓடும் ஊடை பருத்தி. பட்டு இழுத்தால் கொடுக்கும், பருத்தி கொடுக்காது. ஈரக் காற்று அடித்தால் ஒன்று ஒரு மாதிரி நடக்கும், மற்றது வேறு மாதிரி நடக்கும். இரண்டையும் ஒரே துணியாக உட்கார வைப்பது நெய்கிறவரின் கை. நம் ஊர் மே மாத வெயிலில், சர்ச்சுக்குள் இரண்டு மணி நேரம் நிற்கிற ஒரு பெண்ணுக்கு, பட்டின் பளபளப்பும் வேண்டும், உடம்பு மூச்சு விடவும் வேண்டும் என்றால் அதற்கு இதைவிடப் பொருத்தமான துணி இல்லை. அகலம் குறுகாமல் இருக்கத் தறியில் ஊசி வைத்த ஒரு குச்சியைக் குறுக்கே மாட்டி, நெய்ய நெய்ய நகர்த்திக்கொண்டே போவார்கள். அந்த ஊசித் துளை கைத்தறிப் புடவையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக இருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கேன்டீனில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் புடவை என் மேஜைக்கு வரும். பிள்ளைப்பாக்கம் தேவி, "அக்கா கிட்ட காட்டாத எந்தப் பொடவையும் எங்க வூட்டு பீரோல ஏறாது" என்று எல்லோரிடமும் சொல்வாள். எனக்கு அதில் கர்வம் இருந்தது.

இப்போது உன் மாமனாருக்கு வருகிறேன். உனக்கும் மெர்சிக்கும் நம் சர்ச் பாடகர் குழுவில் பழக்கமாகி, நாங்கள் பெண் பார்க்கச் சங்கரன்கோவில் பக்கம் அவர்கள் ஊருக்குப் போனபோது, அவர் வீட்டுக்குள் தறி ஓடும் சத்தம் கேட்டது. கல்யாணப் புடவை நம் வீட்டுச் சீர் என்று நான் பேச்சைத் தொடங்கினேன். அவர், "சீரு உங்களோடதுதான் சம்பந்தியம்மா, அத மாத்த வேண்டாம். நூல நீங்க வாங்கிக் குடுங்க, நான் நெய்யுதேன். எம் பிள்ள வேற யாரோ நெய்தத உடுத்திக்கிட்டு சர்ச்சுல நிக்க வேண்டாம்" என்றார். நீ உடனே தலையாட்டினாய். நான் நூலைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு புடவைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். அவர், "ஒத்தப் பொடவைக்கு யாரும் பாவு ஓட்ட மாட்டாவம்மா. தறியில ஏத்துத பாடே பெரும்பாடு. மூணுக்காவது ஓட்டணும். ஒண்ணு மெர்சிக்கு, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவ அம்மைக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பாவிடம், "மூணாவது புடவை எங்க போகுதுன்னு பாருங்க" என்றேன்.

நீ குஜராத் போன பிறகு நான் செய்தவை உனக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை அவருக்கு போன் செய்து, தறியில் இருக்கும் துணியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், பிறகு ஓரம். ஒரு வாரம், பழைய படத்தையே திருப்பி அனுப்புகிறாரோ என்று தோன்றியதால், அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். ஆளைக் கடத்தியவர்களிடம் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதுபோல. அவர் தாளை மடித்துத் தறிமேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். படத்தின் மூலையில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. அந்த விரலைக்கூடப் பெரிதாக்கிப் பார்த்தேன், நெய்கிறவர் விரல்தானா என்று.

நடுவில் மெர்சி காய்ச்சல் என்று பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனாள். அதை நீ மறந்திருக்க மாட்டாய். நான் இங்கே சுங்குவார்சத்திரத்தில் அவள் ஹாஸ்டல் வார்டனிடம் விசாரித்தேன். கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தாள் என்றார். உடனே உனக்கு, "காய்ச்சல் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது, கேட்டுப் பார்" என்று எழுதினேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. உள்ளே இரண்டு புடவை. மெர்சியுடையது சந்தன வெள்ளை, மெல்லிய ஜரிகைக் கரை. எனக்கு வந்தது அதே பாவு, ஊடை மட்டும் இளநீலம். வெளிச்சத்தில் ஒரு பக்கம் சாய்த்தால் வெள்ளை, மறுபக்கம் சாய்த்தால் நீலம். மறுநாள் எனக்கு லீவு. காலை வேலையை முடித்துவிட்டு, கட்டிலில் வெள்ளை விரிப்பைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, கம்பெனி லென்ஸையும் ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் என்னுடையது. ஒரு குறை இல்லை, மகனே. முனையிலிருந்து முனைவரை ஒரே அழுத்தம். ஓரத் துளைகள் நாலு விரலுக்கு ஒன்றாக, அளந்து வைத்ததுபோல். அடுத்து அவளுடையது. மூன்று கெஜம்வரை அதே கை. அதன்பிறகு குறுக்கே, முடி அகலத்தில் ஒரு கோடு. வெறும் கண்ணுக்குப் படாது, எனக்குப் பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊடை தளர்ந்திருந்தது. அதே அளவு இடத்தில் மூன்று இழை குறைவு. ஓரத் துளைகள் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, அந்தக் குச்சியை நகர்த்த மறந்து மறந்து நகர்த்தியது தெரிந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. இது இரண்டு பேர் நெய்தது. மாமியார் பார்ப்பாள் என்று எனக்கு நல்லதை அனுப்பிவிட்டு, மகளுடையதைப் பாதியில் வேறு யாரிடமோ தள்ளிவிட்டிருக்கிறார். மேல் வரிசையில் நல்லது, அடி வரிசையில் மற்றது.

கை தானாகப் பைக்குள் போனது. பேனா, லென்ஸ், சிவப்பு அம்பு எல்லாம் ஒரே பையில்தான் இருக்கும். கோட்டின் இரு முனையிலும் ஒவ்வொன்று. தளர்ந்த இடங்களில் ஒவ்வொன்று. துளை விலகிய இடங்களில் ஒவ்வொன்று. பதினோரு அம்பு ஒட்டினேன். பட்டுமேல் பசை ஒட்டினால் என்ன ஆகும் என்று கெமிஸ்ட்ரி படித்த எனக்குத் தோன்றவில்லை. உலோகத்தின்மேல் ஒட்டி ஒட்டிப் பழகிய கை. உன் அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, பொடவைக்கு அம்மை போட்ட மாதிரி கீது?" என்றார். "பேசாம இருங்க, ப்ரூஃபுக்கு போட்டோ எடுக்கணும்" என்றேன்.

மெர்சி சனிக்கிழமைகளில் முதல் ஷிப்ட் முடிந்து நம் வீட்டுக்குச் சாப்பிட வருவாள் என்பது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. அதற்குள் படம் எடுத்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல், "அத்தை, பொடவ வந்துட்டாமே, அப்பா சொன்னாவ" என்று சிரித்துக்கொண்டே அறைக்குள் வந்தாள். வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். அவள் செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனில் மூன்று வருஷமாக நிற்கிறவள். அந்த அம்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கோடு இருந்த இடத்தில் நின்றாள்.

"அத்தை, இது ரிஜெக்டா, ரீவொர்க்கா?" என்றாள்.

"சும்மா பார்த்தேம்மா."

"சும்மா பாத்ததுக்கு எதுக்கு அத்தை ஏரோ?"

உன் அப்பா வாசலில் நின்று, "அவ அப்டித்தாம்மா. என் முதுவுலகூட ஒட்டியிருப்பா, நா வண்டி எடுத்துகினு ஓடிகினே கீறதால தப்பிச்சிகினு கீறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குறையைக் கண்டுபிடித்தவள் ஏன் குனிய வேண்டும் என்று நினைத்தேன். "இது ஒரே கை நெய்ததில்லை மெர்சி. பாதியில் ஆள் மாறியிருக்கு. உங்க அப்பா வேற யார்கிட்டயோ குடுத்திருக்கார். நானே நெய்யறேன்னு சொல்லித்தானே நூல் வாங்கினார்? கேட்கறது தப்பா?" என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "ஒரே கை இல்லதான். சரியா கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள். "கோடு வரைக்கும் அப்பா. மிச்சம் நாந்தான் நெய்தேன். பள்ளிக்கூடம் முடியுதவரைக்கும் தறியிலதான் கிடந்தேன், இப்ப மூணு வருசமா தொடல. அதான் கை தளர்ந்துட்டு."

"உங்க அப்பாவுக்கு என்ன?"

"வலது தோளு போயிட்டு. உங்க பொடவையத்தான் முதல்ல நெய்தாவ. சம்பந்தியம்மா லென்ஸ் வச்சுப் பாப்பாவ, ஒரு இழை மாறக் கூடாதுன்னு, நாலு நாள்ல முடிக்கத எட்டு நாளு நெய்தாவ. அடிச்சு அடிச்சு இறுக்குனாவ. எனக்குத் தொடங்குனப்ப மூணு கெஜத்துலயே கை தூக்க முடியல. ஆஸ்பத்திரியில தறிய விட்டு எந்திரின்னு சொல்லிட்டாவ."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க நூலத் திருப்பி வாங்கி வேற எடத்துல குடுத்துருவீங்கன்னு அவுகளுக்குப் பயம். நீங்க பேப்பர் வச்சு போட்டோ கேட்ட அன்னைக்கு அப்பா சாப்பிடல அத்தை. அதான் காய்ச்சல்னு லீவு போட்டுட்டு நானே போனேன். சூப்பர்வைசர்கிட்டயும் பொய், ஒங்க மகன்கிட்டயும் பொய்."

கையிலிருந்த லென்ஸைக் கட்டிலில் வைத்தேன். நான் துளைத்துத் துளைத்துக் கேட்டதால்தான் அந்த மனிதர் பயந்தார். பயந்ததால் தன் நல்ல தோளை முழுதாக என் புடவைக்குக் கொடுத்தார். மிச்சமில்லாத தோளோடு தன் மகளுடையதில் உட்கார்ந்தார். அந்தக் கோடு நான் போட்டது. அதன்மேலேயே அம்பும் ஒட்டியிருக்கிறேன்.

வெட்கத்தில் கையை நீட்டி ஒரு ஸ்டிக்கரைச் சட்டென்று இழுத்துவிட்டேன். பசையோடு பட்டு இழை பூவாகக் கிளம்பி வந்தது. "இழுக்காதீங்க!" என்று மெர்சி கத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு அவளே முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு அம்பின் ஓரத்திலும் தூவி, பசை காய்ந்து உதிர விரல் நுனியால் சுருட்டிச் சுருட்டி எடுத்தாள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தேன். வைத்திருந்த சாம்பார் ஆறிப் போனது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும்வரை இருவரும் தலை நிமிரவில்லை. எட்டு இடம் தெரியாமல் போய்விட்டது. மூன்று இடத்தில் சொரசொரப்பு நிற்கிறது. "ரெண்டு கொசுவத்துக்குள்ள போயிரும்" என்றாள். மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புடவையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பு போடும்போது சொன்னாள்: "அத்தை, கல்யாணத்துல மாத்தம் இல்ல. இந்தப் பொடவையத்தான் உடுத்துவேன், அப்பாவும் நானும் நெய்தது. ஆனா மாடி வீட்டுக்கு வருவேன்னு முன்ன சொன்னத இப்ப சொல்ல மாட்டேன். அவுகளும் நானும் பேசித்தான் சொல்லணும். பேசதுக்கு அவுகளுக்கு இது தெரியணும். நான் சொன்னா ஒங்கள கொற சொல்லுத மாதிரி ஆயிரும். சொல்லாம இருந்தா ஒளிச்ச மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லிருங்க. என் காய்ச்சல் பொய்யையும் சேத்தே சொல்லிருங்க." அதனால்தான் இந்தக் கடிதம். அவள் சொன்ன இரண்டையும் மேலே எழுதிவிட்டேன்.

அன்று இரவு முழுக்க ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். என் சந்தேகம் தப்பில்லை. காய்ச்சல் பொய் என்றேன், பொய்தான். இரண்டு கை என்றேன், இரண்டு கைதான். தப்பாகப் போயிருந்தால் எப்போதோ எனக்கு இது விட்டுப் போயிருக்கும். சரியாகவே போவதால்தான் இது என்னை இத்தனை வருஷம் பிடித்து வைத்திருக்கிறது. நடந்தது என்ன என்று கண்டுபிடித்துவிடுகிறேன்; ஏன் நடந்தது என்று நானே ஒரு கதை கட்டிவிடுகிறேன். அந்தக் கதையில் எதிரில் இருக்கிறவர் எப்போதும் ஏமாற்றுகிறவர். கேட்டின் முன் புடவை விற்ற அந்த ஒருவருடைய முகத்தைத்தான் எல்லோருக்கும் மாட்டிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. உன் மாமனாருக்கும் மாட்டினேன்.

உனக்கும் மாட்டியிருக்கிறேன். ப்ளஸ் ஒன்னில் நீ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தாய். அதுவரை அறுபதைத் தாண்டாதவன். அதே கேள்வித்தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, மறுபடி எழுதச் சொன்னேன். நீ உட்கார்ந்து எழுதினாய். எல்லாம் சரி. பேனாவை மூடிவிட்டு, "இப்ப பாஸாம்மா?" என்று கேட்டாய். நான் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். நல்லா படிச்சிருக்கடா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அந்த வருஷம் யாருக்கும் தெரியாமல் காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தாய் என்று உன் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் நீ காலேஜ் போன பிறகு. நான் அதைப் பற்றி உன்னிடம் பேசியதே இல்லை. இப்போது பேசுகிறேன். அது நான் செய்த தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. போன மாதம் நீ வந்திருந்தபோது மெர்சியிடம் போனில், "தூங்கப் போறேன்னு சொன்ன, அப்புறம் ஏன் ஆன்லைன்ல இருந்த?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என்னுடையது. அவள் ஏதோ சொன்னாள், நீ "ம்" என்றாய். அந்த "ம்" எப்படி இருக்கும் என்று உன் அப்பாவைக் கேள்; இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருமுறை அவரிடம், நான் இவ்வளவு கேட்கிறேனே, உங்களுக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். "மொதல்ல வந்துச்சு. அப்பால நா உங்கிட்ட எதையும் சொல்றத வுட்டுட்டேன். கேட்டா மட்டும் பதில் சொல்லிகினு கீறேன்" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்று அதை யோசிக்கவில்லை. உன் வீட்டில் அப்படி ஒருத்தி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம்.

மாடி வீட்டுக்கு நீங்கள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. தண்ணீர்க் குழாயிலிருந்து ஜன்னல் கதவுவரை நின்று பார்த்துக் கட்டியது. ஆனால் நீ எனக்காக அவளிடம் பேசாதே. "அம்மா அப்படித்தான், மனசுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லாதே. மனசில் இருந்ததால்தான் ஒட்டினேன். உன் மாமனாருக்கு நான் மறுநாளே, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தேன். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நான் எதற்கோ அடிபோடுகிறேன் என்று பயந்து, "பரவாயில்ல சம்பந்தியம்மா, மூணாவது பொடவையும் முடிச்சு போட்டோ அனுப்பிருதேன்" என்றார். போட்டோ வேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மெர்சி தொடங்கிவிட்டு வந்த மூன்றாவது புடவை இன்னும் தறியிலேயே பாதியில் நிற்கிறதாம். அதை முடிக்க வேண்டாம், கல்யாணத்துக்கு அவருடைய மனைவி என் இளநீலத்தைக் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அவர் சொல்லாததில் நியாயம் இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னது தனிக்குடித்தனம் போவதற்கு மெர்சி போட்ட வழியோ என்று நேற்று துணி காயப்போடும்போது தோன்றியது. அப்படியும் இருக்கலாம். இருந்தால் என்ன? நான் ஒட்டாத ஸ்டிக்கரை அவள் எழுதச் சொல்லவில்லையே.

இவ்வளவும் எழுதி முடித்து, உன் விலாசத்தை உறைமேல் எழுதி வைத்திருந்தேன். இன்று சர்ச் முடிந்து மெர்சி வந்தாள், கூரியரில் போட வாங்கிக்கொண்டு போக. உறையை ஒட்டாமலே அவளிடம் நீட்டி, "படிச்சுப் பாரு, எதையாவது விட்டிருக்கேனான்னு பாரு" என்றேன். அவள் வாங்கவில்லை. "எனக்கு எழுதலயே அத்தை, அவுகளுக்குத்தான எழுதுனீங்க. ஒட்டிக் குடுங்க" என்றாள்.

"நான் ஏதாவது மாத்தி எழுதியிருந்தா?"

"எழுதியிருந்தா அது ஒங்களுக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் போய் உன் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டாள். பார்க்காமல் ஒரு பெட்டியை உள்ளே விடுகிறவளை நான் முதல்முறை பார்க்கிறேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன், மகனே.

அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வருத்தம் இல்லை, அதிர்ச்சி இல்லை. சந்தோஷம். அவள் நல்ல பெண் என்று நீ சொல்லச் சொல்ல, உன் அப்பா சொல்லச் சொல்ல, எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்று நான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிடைத்ததும் உனக்கு அனுப்ப, "பார், நான் அப்போதே சொன்னேன்" என்று போனில் தட்டி வைத்துவிட்டுத்தான் முதல் அம்பை எடுத்தேன். அவள் உள்ளே வந்ததும் அதை அழித்தேன். அவளுக்கு இது தெரியாது. உனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்வதா என்பதை நீ முடிவு செய்ய வேண்டாம். இப்போது உறையை ஒட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய், நானே சொல்லிவிட்டு, பிறகு கையில் கொடுக்கிறேன்.

அம்மா